தோள் மேல் கேட்ட ‘உம்’

முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு, பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடி, மூன்று எண்ணி எல்லோரும் ஒன்றாகத் தூக்கு. இதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தூங்காமல் கேட்டிருந்தால் பிழைத்தீர்கள். நான் பாதி தூங்கினேன். அதனால்தான் இன்றைக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறுகிறேன். ஆனால் நான் பேச வந்தது அதைப் பற்றி இல்லை. எப்படித் தூக்க வேண்டும் என்று ஆயிரம் பேர் சொல்வார்கள். தூக்கிக்கொண்டு நடக்கும்போது என்ன ஆகிறது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை. எனக்கு அது தெரிந்த நாளை நினைத்தால் இப்போதும் பின்கழுத்து சில்லிட்டுப் போகிறது.

நான் சேலத்தில் பிறந்தவள். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் மருந்தகத்தில் நர்ஸாக இருந்துவிட்டு, பிறகு ஆம்புலன்ஸுக்கு வந்தேன். ஓய்வு பெறும்வரை இந்த மலையில்தான் ஓடினேன். எனக்கு வண்டியில் வேலை பழக்கிய சீனியர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம். ஸ்ட்ரெச்சரை நாங்கள் தூக்கிக்கொண்டு வந்தால், அவர் அதற்கு முன்னால், நோயாளி முகத்தைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே நடந்து வருவார். கல் தடுக்கும், சுவரில் முட்டுவார், ஒருமுறை சாக்கடையில் கால் விட்டார். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அவர் ஒன்றும் விளக்கம் சொல்ல மாட்டார். மறுபடி பின்பக்கமாக நடப்பார். அவர் வேறு ஊருக்குப் போன பிறகு எனக்கு அது மறந்தே போய்விட்டது. மறந்தது என் தப்பு.

அது மிளகு பறிக்கிற பருவம். மாரமங்கலம் தாண்டி, பஸ் போகிற ரோட்டிலிருந்து கீழே இறங்கிப் போகிற ஒரு சின்ன ஊரிலிருந்து காலையில் அழைப்பு வந்தது. சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த ஒற்றை மூங்கில் ஏணியிலிருந்து ஒருவன் விழுந்துவிட்டான். பெயர் பழனி, இருபத்தேழு வயது. மிளகு பறிப்பவர்கள் ஏறும் அந்த ஏணியைப் பார்த்தால் எனக்கே தலை சுற்றும். ஒரு மூங்கில், அதில் கணுக்கணுவாகக் கால் வைக்க இடம், அவ்வளவுதான். அதிலிருந்து இரண்டு ஆள் உயரம் விழுந்து, தலை பாறையில் மோதியிருந்தது.

வண்டி ரோட்டோடு நின்றுவிட்டது. நானும் டிரைவர் கோவிந்தனும் பலகையையும் பையையும் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். பலகை என்று நான் சொல்வது முதுகெலும்பு அசையாமல் ஆளைக் கட்டிக் கொண்டுவருகிற அந்த நீளமான பலகையைத்தான். காப்பிச் செடிக்கு நடுவில் முக்கால் மணி நேரம் இறக்கம். நடுவில் ஒரு ஓடை.

நாங்கள் போகும்போது பழனி மரத்தடியில் படுத்திருந்தான். கண் திறந்திருந்தது. பெயர் கேட்டால் சொன்னான், என்ன நடந்தது என்று கேட்டால் இரண்டு தடவை யோசித்துச் சொன்னான். கை கால் அசைத்தான். காதுக்கு மேலே வீங்கியிருந்தது. பக்கத்தில் அவன் அண்ணன் வெள்ளையன், தம்பியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “நர்சம்மா, இவன் சம்சாரம் ஏழு மாசமுங்க. செம்மநத்தத்துல அம்மா ஊட்டுல இருக்குது. அதுக்கு இன்னும் சொல்லலீங்க.” தம்பிக்கு என்ன ஆச்சு என்றுகூட அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

வெள்ளையனோடு சேர்த்து ஊர் ஆண்கள் எட்டுப் பேர் அங்கே தயாராக இருந்தார்கள். ஒரு கம்பளியைத் தொட்டில்போல மூங்கிலில் கட்டி வைத்திருந்தார்கள். இந்த மலையில் காலங்காலமாக நோயாளியை ரோட்டுக்குக் கொண்டுவருகிற முறை அது. கம்பளிக்குள் போட்டால் ஆள் வில்லாக வளைந்துபோவான். கழுத்தோ முதுகோ முறிந்திருந்தால் கதை முடிந்தது. நான் முடியாது என்றேன். அவர்களில் வயதான ஒருவர், ஊருக்குப் பெரியவர், பலகையில் படுக்க வைத்துக் கட்டினால் பார்ப்பதற்கு நன்றாக இல்லை என்றார். என்ன பார்ப்பதற்கு என்று நான் சத்தம் போட்டேன். பெரிய விவாதம். கடைசியில் வெள்ளையன்தான், நர்சம்மா சொல்றபடி செய்யலாம் என்று முடித்துவைத்தார்.

பெரியவர் இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

“கட்டிக்குங்க. ஆனா ஒண்ணு, தூக்குன பொறகு ரோடு போற வரைக்கும் வழியில எங்கயும் கீழ வெக்கப்படாதுங்க. பாதி வழியில எறக்கறது எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்.”

எனக்குத் தெரியும். நானும் சேலத்துக்காரிதானே. சுடுகாட்டுக்குப் போகிற பாடையைத்தான் பாதி வழியில் இறக்கித் தலைமாட்டைத் திருப்பி மறுபடி தூக்குவார்கள். உயிரோடு இருக்கிறவனை அப்படிப் பாதியில் இறக்கி வைப்பதைப் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்? சரி என்றேன். ஒரு சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன், இதை விட்டுக்கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. என் அதிகப்பிரசங்கித்தனம், கூடவே ஒரு எச்சரிக்கையும் விட்டேன். தலையில் அடிபட்டவன் பேசிக்கொண்டே இருந்து சட்டென்று அமுங்கிப் போய்விடுவான். அதனால் வழி நெடுக நான் கூப்பிட்டுக்கொண்டே வருவேன், அவன் பதில் சொல்ல வேண்டும், பதில் வரவில்லை என்றால் அந்த இடத்திலேயே இறக்கச் சொல்லிவிடுவேன், அப்போது என்னோடு யாரும் சண்டைக்கு வரக்கூடாது என்றேன். எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசிவிட்டோம் என்று எனக்கே என்னைப் பிடித்துப் போனது.

இந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பழனியை நான் தவறவிட்டது அங்கேதான். மீதி எல்லாம் அதன் பின்னால் வந்தது.

மூன்று எண்ணித் தூக்கினோம். எல்லாம் ஒழுங்கு. கையில் பிடித்து இருபது அடி நடந்திருப்போம். பாதை ஒரு ஆள் அகலம். இரண்டு பக்கமும் காப்பிச் செடி. பலகைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு பேர் நடக்க இடமே இல்லை. செடியில் மோதி ஆட்டம் கண்டது. பெரியவர் ஏதோ சொல்ல, நான் யோசிப்பதற்குள் நாலு பேரும் பலகையைத் தோளுக்கு ஏற்றிவிட்டார்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பலகை செடிகளுக்கு மேலே போய்விட்டது. அப்புறம் அவர்கள் நடந்த நடை இருக்கிறதே, அதை நான் எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பார்த்ததில்லை. ஒரே காலடி, ஒரே வேகம். மேலே டம்ளரில் தண்ணீர் வைத்தால் சிந்தாது. திருவிழாவில் சாமி தூக்குகிற தோள்கள். நடந்துகொண்டே தோள் மாற்றுவார்கள். புது ஆள் ஒருவன் குனிந்து உள்ளே நுழைவான், பழைய ஆள் நழுவி வெளியே வந்து ஓரமாக நின்று வரிசையைப் போகவிட்டு, கடைசியில் சேர்ந்துகொள்வான். பலகைக்கு அது தெரியவே தெரியாது.

நான் சொக்கிப்போய்விட்டேன். இவ்வளவு வருஷத்தில் இப்படி ஒரு பத்திரமான தூக்கலைப் பார்த்ததில்லை என்று நினைத்தேன். கோவிந்தனை முன்னால் ஓடிப்போய் அந்தக் குறுகல் ரோட்டில் வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொல்லி அனுப்பினேன்.

ஏற்றம் என்பதால் தலைப்பக்கம் முன்னால், கால்பக்கம் பின்னால். அது சரியான முறைதான். முன்பக்கத்து இரண்டு தோளில் ஒன்று வெள்ளையனுடையது. மற்றவர்கள் மாறிக்கொண்டார்கள், அவர் மாறவில்லை. நான் பலகைக்குப் பின்னால் நடந்தேன். நான் நாலே முக்கால் அடி. என் கண்ணுக்குத் தெரிந்தது பலகையின் அடிப்பக்கமும் பழனியின் இரண்டு பாதங்களும்தான். அவன் முகம் ஆறடி முன்னால், என் தலைக்கு மேலே, வானத்தைப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தது. அதை நாங்கள் ஒன்பது பேரில் ஒருவராவது பார்த்தோமா? இல்லை. தூக்குகிறவர்கள் பாதையைப் பார்த்தார்கள். நான் பாதத்தைப் பார்த்தேன்.

ஆனால் எனக்குத்தான் குரல் இருக்கிறதே.

“பழனி.”

“உம்.”

இப்படித்தான் போனோம். ஓடை வரும்வரை கொஞ்சம் இடைவெளி விட்டு விட்டுக் கூப்பிட்டேன். ஒரு தடவை பதிலுக்குப் பதிலாகத் தண்ணி கேட்டான். குடிக்கக் கொடுக்கக்கூடாது என்றேன். இன்னொரு தடவை ஏணி யாருடையது, உடைந்துபோச்சா என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஓடையைத் தாண்டியதும் ஏற்றம் செங்குத்தாகிவிட்டது. எனக்கு மூச்சு வாங்கியது. கூப்பிடுவேன், முன்னாலிருந்து ‘உம்’ வரும். சோர்ந்துபோன, அமுங்கின ‘உம்’. அடிபட்டவன் அப்படித்தானே பேசுவான் என்று விட்டுவிட்டேன். நேரத்தைப் பார்த்து, பதில் சொல்கிறார் என்று தாளில் எழுதிக்கொண்டேன். ஒரு மேட்டில் போனுக்கு சிக்னல் கிடைத்தது. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டேன், தலையில் அடி, நினைவு இருக்கிறது, கூப்பிட்டால் பதில் சொல்கிறார் என்று. சந்தோஷமாகச் சொன்னேன் என்பதை மறைக்க மாட்டேன்.

ரோட்டுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கும். பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்புகிற இடம். அங்கே தோள் மாற்றினார்கள். இந்தத் தடவை வெள்ளையனும் பலகையை விட்டு நழுவி ஓரத்துக் காப்பிச் செடிக்குள் ஒதுங்கி நின்றார். பலகை அவரைத் தாண்டிப் போனது. நானும் அவரைத் தாண்டி நாலு எட்டு வைத்தேன்.

“பழனி” என்று கூப்பிட்டேன்.

“உம்” என்று பதில் வந்தது.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

என் கால் நின்றுவிட்டது. பழனி எனக்கு முன்னால் போகிறான். குரல் எனக்குப் பின்னால் கேட்கிறது. ஒரு கணம் எனக்கு இது மண்டையில் ஏறவேயில்லை. பேய் பிசாசு என்றுகூட புத்தி போயிற்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். திரும்பிப் பார்த்தேன். வெள்ளையன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. தோளில் பலகை இல்லை, தம்பி பக்கத்தில் இல்லை என்பது வாய்க்குத் தெரியவில்லை. அந்த மனிதனின் கண்ணை நான் பார்த்தேன். நீங்கள் யாரும் அப்படி ஒரு கண்ணைப் பார்க்க வேண்டாம்.

அப்போதுதான் புரிந்தது. நான் ஒரு ஆரோக்கியமான மனிதனைக் கூப்பிட்டு, அவன் நலமாக இருக்கிறான் என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

இறக்குங்க என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை. பலகை நிற்கவில்லை. முன்னால் தூக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் திரும்பாமலே, “இன்னும் சித்த தூரந்தானுங்க” என்றார். நடை வேகமாயிற்று. இறக்குங்க, இறக்குங்க என்று செடிக்குள் புகுந்து முன்னால் ஓடினேன். கிளை முகத்தைக் கிழித்தது. முன்னால் போய்ப் பார்த்தால், பலகையின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ வழிந்து, தூக்குகிறவரின் தோள் துண்டில் இறங்கிக்கொண்டிருந்தது. வாந்தி. கட்டிப் போட்ட மனிதன், கழுத்தைக்கூடத் திருப்ப முடியாமல், மல்லாந்து படுத்தபடி வாந்தி எடுத்திருக்கிறான். மேலே ஒரு கரகரப்பு கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

செத்துப்போயிருவான், கொன்னுட்டிருக்கீங்க என்று பலகையில் அவனைக் கட்டியிருந்த வாரைப் பிடித்துத் தொங்கினேன். நாலே முக்கால் அடிப் பொம்பிளை தொங்கினால் அந்தத் தோள்களுக்கு ஒரு மூட்டை அதிகம், அவ்வளவுதான். பின்னால் பெரியவர், நடங்க நடங்க என்றார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாதி வழியில் மண்ணில் வைத்தால் பழனி செத்துப்போவான் என்று அவர்கள் மனசார நம்பினார்கள். வைக்காவிட்டால் செத்துப்போவான் என்று நான் கத்தினேன். இரண்டு பக்கமும் அவனைக் காப்பாற்றத்தான் மல்லுக்கட்டினோம். நடுவில் அவன் மூச்சில்லாமல் கிடந்தான்.

எவ்வளவு நேரம் அப்படி வீணாக்கினேன் என்று கேட்காதீர்கள். கொஞ்ச நேரம்தான். ஆனால் மூச்சில்லாதவனுக்குக் கொஞ்ச நேரம் என்று ஒன்று கிடையாது. நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. இறக்கு என்ற சொல் என் வாயிலிருந்து வருகிற வரைக்கும் இவர்கள் நிற்கமாட்டார்கள். எனக்கு என்ன வேண்டும்? மண்ணா வேண்டும்? எனக்கு வேண்டியது அவன் முகம். அவன் பக்கவாட்டில் சாய வேண்டும். அதற்கு மண் எதற்கு?

வாரை விட்டேன். குரலைக் குறைத்தேன். அந்த நேரத்தில் குரலைக் குறைத்ததுதான் நான் அன்றைக்குச் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

“கீழ வெக்க வேண்டாமுங்க. மண்ணுல படாது, நான் பொறுப்பு. தோள்ல இருந்து கையில வாங்குங்க. இடுப்பு வரைக்கும் போதும். எல்லாரும் வாங்க.”

நின்றார்கள். அந்த நொடியே நின்றார்கள். செடியை மிதித்துக்கொண்டு பதினாறு கைகள் பலகைக்கு அடியில் வந்தன. பலகை என் இடுப்புக்கு இறங்கியது. பழனியின் முகத்தை முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு பார்த்தேன். சாம்பல் நிறம். உதடு நீலம். வாய் நிறைய வாந்தி. வலது பக்கம் நிற்கிறவர்கள் உயர்த்துங்க, இடது பக்கம் தாழ்த்துங்க என்றேன். பலகையோடு கட்டினபடியே அவனை ஒருக்களித்துச் சாய்த்தார்கள். கழுத்து பலகையோடு இருந்ததால் முறுக்கவில்லை. வாயிலிருந்து கொட்டியது. பையில் இருந்த கைப்பம்பால் உறிஞ்சி எடுத்தேன், அடைத்ததை வெள்ளையனின் துண்டை விரலில் சுற்றிக்கொண்டு துடைத்தேன், தாடையை முன்னுக்குத் தள்ளிப் பிடித்தேன். ஒன்றும் இல்லை. முகமூடி வைத்த காற்றுப் பலூனை மூக்கிலும் வாயிலும் பொருத்தி இரண்டு தடவை காற்றடித்தேன். எட்டு ஆண்கள் பலகையைக் கையில் ஏந்திக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றார்கள்.

அப்புறம் ஒரு சத்தம் வந்தது. அடைத்த குழாய் திறக்கிற மாதிரி, கேட்க அசிங்கமான ஒரு சத்தம். அவன் மூச்சை இழுத்தான். மறுபடி இழுத்தான். அழக்கூட நேரமில்லை.

மீதித் தூரத்தை இரண்டு பேர் அரிவாளால் காப்பிக் கிளைகளை வெட்டி வழி விட, ஆறு பேர் கையிலேயே, இடுப்பு உயரத்திலேயே, அவனைச் சாய்த்தபடி கொண்டுவந்தார்கள். யாருடைய செடி என்று யாரும் கேட்கவில்லை. நான் தலைமாட்டில், ஒரு கை அவன் தாடையில், ஒரு கை அவன் நெஞ்சில். பாதி தூரம் பின்பக்கமாகவே நடந்தேன். கல் தடுக்கி இரண்டு தடவை விழப் பார்த்தேன். சாக்கடையில் கால் விட்ட அந்த சீனியரை அப்போது நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருக்கக்கூடாதா மனுஷன் என்று கோபம்தான் வந்தது. அதனால்தான் நான் உங்களிடம் இவ்வளவு வார்த்தை பேசுகிறேன்.

பலகை மண்ணைத் தொடவே இல்லை. வண்டிக்குள்தான் போய் உட்கார்ந்தது. சொன்ன வாக்கைக் காப்பாற்றினேன்.

இருபது கொண்டை ஊசி வளைவையும் கோவிந்தன் எப்படி இறக்கினார் என்று அவருக்கே தெரியாது. வெள்ளையன் வண்டியில் என் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அடித்துவிடுவேனோ என்று இருந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் தாளை வாங்கிப் பார்த்தார். எப்போது நினைவு தப்பியது என்று கேட்டார். தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தால், எவ்வளவு நேரமாக இந்த நிலை என்பதை வைத்துத்தான் அவர்கள் அடுத்ததை முடிவு செய்வார்கள். நான் வாயைத் திறந்தேன். அந்தப் பாறை வளைவில்தான் என்று சொல்ல வந்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு ஐந்து நிமிஷப் பொய் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளையன் எனக்குப் பின்னாலிருந்து சொன்னார். “ஓடையைத் தாண்டுறப்பவே பேச்சு நின்னுபோச்சுங்க டாக்டர். அப்பறமா பேசுனதெல்லாம் நானுங்க.”

ஓடை. ஓடைக்கும் பாறைக்கும் நடுவில் அரை மணி நேர ஏற்றம். டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு என் தாளைப் பார்த்தார். மூன்று இடத்தில் நேரம் போட்டு, பதில் சொல்கிறார், பதில் சொல்கிறார், பதில் சொல்கிறார் என்று என் கையெழுத்தில் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. பேனாவை நீட்டினார். மூன்று வரியையும் அவர் முன்னாலேயே அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கொடுத்தேன். பழனியை உடனே அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள்.

வராந்தாவில் வெள்ளையனைப் பிடித்துக் கேட்டேன். ஏன் இப்படிச் செய்தீர்கள்? என் குரல் ஏறிவிட்டது. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைத் தூக்கவில்லை.

“பேச்சு வரலைன்னா அங்கயே எறக்கிருவேன்னு சொன்னீங்களே நர்சம்மா. பாதி வழியில அவனை மண்ணுல வெக்கறத என்னால பாக்க முடியாதுங்க. தூங்கறான்னுதான் நெனச்சனுங்க. ரோட்டுக்குப் போயிட்டா போதும்னு நெனச்சனுங்க.”

பொய் அவருடையது. அந்தப் பொய்யை அவர் வாயில் வைத்தது நான். எதை அவர் உயிரைக் கொடுத்தாவது தடுப்பாரோ, அதையே தண்டனையாக வைத்துவிட்டு, தண்டனை வராமலிருக்க ஒரு ‘உம்’ போதும் என்று சொல்லியும் கொடுத்திருக்கிறேன். முன்னால் தூக்கிய இன்னொருவருக்கும் தெரியும். அந்த இடத்தில் மாறி மாறித் தோள் கொடுத்தவர்களுக்கும் தெரியும். தெரியாதவள் நான் ஒருத்திதான், சம்பளம் வாங்குகிறவள்.

கண்ணுகளா, உங்களுக்கு என் வாயிலிருந்து வருகிற புத்திமதி பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் கேட்டுத் தொலையுங்கள். தோளில் போகிற சாமிக்கும் பிணத்துக்கும் மூச்சைப் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் நோயாளிக்குப் பார்க்க வேண்டும். அதனால் எவ்வளவு அழகாகத் தூக்கினாலும் தோளுக்கு ஏற விடாதீர்கள். முகம் உங்கள் கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும். வேறு ஒருவரால் சொல்லிவிடக்கூடிய பதிலை நம்பாதீர்கள். நெஞ்சில் கை வையுங்கள். அதைத் தம்பிக்காக எந்த அண்ணனும் ஏற்றி இறக்கிக் காட்ட முடியாது. ஊர்க்காரர்கள் வேண்டாம் என்றால், எது வேண்டாம் என்று முதலில் கேளுங்கள். அவர்களுக்கு மண்தான் வேண்டாம். நான் அதை மேட்டில் ஏறுவதற்கு முன்னாலேயே கேட்டிருந்தால், கையில் ஏந்தி நிற்கலாம் என்பது மரத்தடியிலேயே முடிவாகியிருக்கும்.

பழனி பிழைத்தான். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தான் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. போக முகம் இல்லை.

ஒன்றரை வருஷம் கழித்து ஏற்காட்டில் ஒண்டிக்கடை பஸ் நிற்கிற இடத்தில் காய் வாங்கிக்கொண்டு நின்றபோது யாரோ நர்சம்மா என்று கூப்பிட்டார்கள். பழனி. இடது காலை லேசாக இழுத்து நடந்தான். பக்கத்தில் மனைவி, அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கொஞ்சம் தள்ளி வெள்ளையன். பழனிக்கு முகமெல்லாம் சிரிப்பு. குழந்தையை என் கையில் கொடுத்தான். அது என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

“எனக்கு ஒண்ணுமே நெனப்பில்லீங்க நர்சம்மா. ஏணியில ஏறுனது தெரியுமுங்க, அவ்வளவுதான். ஆனா நீங்க கூப்பிடக் கூப்பிட ‘உம் உம்’னு சொல்லிக்கிட்டே வந்தனாமே? ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. நொம்ப கெட்டி உசுருன்னு.”

நான் வெள்ளையனைப் பார்த்தேன். அவர் பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா சாமி. சொன்னே” என்றேன்.

பஸ் கிளம்பப் போகிறது என்று பழனியும் மனைவியும் குழந்தையை வாங்கிக்கொண்டு ஏறினார்கள். வெள்ளையன் ஏறவில்லை. படியில் ஒரு கால் வைத்து நின்றார். பிறகு அந்தக் காலையும் எடுத்துவிட்டு என்னிடம் வந்தார். கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

“தூக்கத்துல ‘உம்’ங்கறனாமுங்க நர்சம்மா. யாரோ கூப்படற மாதிரியே இருக்குதுங்க. ஊட்டுக்காரி உலுக்கி எழுப்பறா. யாரு கூப்பட்டாங்கன்னு கேக்கறா. என்னன்னு சொல்றதுங்க?”

சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். பஸ் மாரமங்கலம் பக்கம் திரும்பியது. காய்க்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு வாங்கத் தோன்றவில்லை.

கூப்பிடுகிறவள் நான்தான் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். என் மகளைக் கேட்டால் சொல்வாள், தூக்கத்தில் நான் யார் பெயரைச் சொல்லிக் கத்துகிறேன் என்று.